வாசகர் கேள்வி–பதில்: பாம்பின் மேல் கொஞ்சம், தொட்டிக்குள் மிச்சம்

ஊர்வன வளர்ப்பவர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சிற்றுண்ணி (மைட்) என்ற நுண்ணிய ஒட்டுண்ணியைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். ஊசி மருந்து, வாய்வழி மருந்து ஆகியவற்றின் அளவை விலங்கின் எடையும் இனமும் பார்த்து ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அந்த அளவுகளை இங்கே தரவில்லை.

எங்கள் பால் பைதான் (மலைப்பாம்பு வகை) சில நாட்களாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள். தொட்டியில் சூடு அதிகமாகிவிட்டதா?

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25–27 டிகிரி என்று இருந்தால் சூட்டின் மேல் பழி போட முடியாது. சட்டை உரிக்கப் போகும் பாம்பும் தண்ணீரில் கிடக்கும்தான்; ஆனால் அப்போது கண் பால் படர்ந்தது போல மங்கியிருக்கும், கிண்ணத்தில் கரும்புள்ளி இருக்காது. நீங்கள் சொல்லும் புள்ளிகள் மூழ்கிச் செத்த சிற்றுண்ணிகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். வெள்ளை டிஷ்யூ பேப்பரை லேசாக ஈரமாக்கி, பாம்பைக் கழுத்திலிருந்து வால் வரை அதற்குள் நழுவ விடுங்கள். ஒட்டிவரும் புள்ளி நகர்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நகர்ந்தால் நகத்தால் நசுக்குங்கள். இரத்தம் குடித்த சிற்றுண்ணி என்றால் பேப்பரில் சிவப்புக் கோடு விழும். மண்துகள் என்றால் விழாது.

அடுத்து, அவை ஒளியும் இடங்கள். கண்ணைச் சுற்றியுள்ள செதில் விளிம்பு, கீழ்த்தாடைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மடிப்பு, உதட்டோரத்து வெப்பக் குழிகள், கழிவுத்துவாரத்தின் ஓரம். கண்ணின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், அதன் கீழே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இரத்தம் குடித்த பெண் சிற்றுண்ணி ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவில் கருப்பாகத் தெரியும். குடிக்காத குட்டி வெளிர் மஞ்சள், வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். கருஞ்செதில்களின் மேல் ஒட்டிக்கிடக்கும் வெள்ளைத் துகள்களையும் தூசி என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அது அவற்றின் கழிவு.

வாயைத் திறந்து உள்பக்க நிறத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். வெளிறியிருந்தால் இரத்தம் நிறையப் போயிருக்கிறது. குட்டிப் பாம்பாக இருந்து, இரையும் எடுக்காமல் துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியத்தைத் தொடங்காமல் நேரே மருத்துவரிடம் கொண்டு போங்கள். சிற்றுண்ணிகள் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவைப் பாம்புக்குப் பாம்பு கடத்தக்கூடியவை. இரத்தத்தில் அந்தத் தொற்று ஏறிவிட்டால் சிற்றுண்ணியை ஒழித்தும் பயனில்லை.

வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினோம், தொட்டியையும் கழுவினோம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் வந்துவிட்டது. எங்கே தவறு?

குளியலில் தவறில்லை. அதோடு நிறுத்தியதுதான் தவறு. பாம்புச் சிற்றுண்ணி, அதாவது ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ், பாம்பின் மேல் முட்டையிடுவதில்லை. வயிறு நிறைந்த பெண் இறங்கிப்போய், இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில் முட்டையிடுகிறது. நீங்கள் பாம்பைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் முட்டைகள் கண்ணாடிக் கதவின் தடத்திலோ, மரக்கட்டையின் வெடிப்பிலோ பத்திரமாக இருந்திருக்கின்றன.

இதன் வாழ்க்கைச் சுழற்சி பற்றி 1953-இல் ஜோசப் கேமின் வெளியிட்ட ஆய்வைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். முட்டை பொரிய ஒன்றிலிருந்து நான்கு நாள். பொரிந்து வரும் ஆறுகால் குட்டி எதையும் உண்பதில்லை. அது தோலுரித்து எட்டுக்கால் பருவத்துக்கு வந்ததும் முதல் இரத்தத்தைத் தேடி ஏறும். குடித்தபின் உணவு வேண்டாத இன்னொரு பருவம், பிறகு முழு வளர்ச்சி. 25–30 டிகிரியில் முட்டை முதல் வளர்ந்த சிற்றுண்ணி வரை 13 முதல் 19 நாள். ஒரு பெண் தன் ஆயுளில் 60–80 முட்டை இடும். இணை சேராத பெண்ணும் முட்டையிடும். அதிலிருந்து ஆண்கள் வரும், பிறகு அந்த ஆண்களோடே அது இணை சேரும். ஆகவே “ஒன்றுதானே மிச்சம்” என்று விட்டுவைக்க முடியாது. பசியோடு இருக்கும் குட்டி இரத்தமே இல்லாமல் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். இதனால்தான் ஒரு வாரம் காலியாக வைத்த தொட்டியும் சுத்தமாகிவிடுவதில்லை.

எனவே பாம்பு, தொட்டி, நாள்காட்டி மூன்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். செய்யும் முறை இது.

முதல் நாள் பாம்பை மூடியுள்ள வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பர், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, சிறிய தண்ணீர்க் கிண்ணம். வேறு எதுவும் வேண்டாம். பேப்பரையும் அட்டையையும் முதல் வாரம் தினமும் மாற்றுங்கள், அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை. எடுக்கும்போது நான்கு மூலையையும் உள்நோக்கி மடித்து, பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியைத் துடைத்து மறுபடி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அட்டையின் நெளிவுகளுக்குள் முட்டையிட எத்தனை இடம் இருக்கிறது என்று ஒரு ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

குளியலுக்கு நீர் 28–30 டிகிரி. உடல் மூழ்கும் ஆழம் போதும். பாம்பு சிரமமில்லாமல் தலையைத் தூக்கி வைத்திருக்க முடிய வேண்டும். 20–30 நிமிடம், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நீர் ஏறியதும் சிற்றுண்ணிகள் தலையை நோக்கி ஓடும், ஏனென்றால் அது ஒன்றுதான் காய்ந்த இடம். குளித்தும் பயனில்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். மற்ற எல்லாம் மூழ்க, தலையில் இருப்பவை தப்பித்துவிடும். குளியலின் கடைசியில் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஆலிவ் எண்ணெய் தொட்டு, கண் விளிம்பிலும் தாடை மடிப்பிலும் மெல்ல உருட்டி எடுங்கள். மூக்குத் துளைகளில் எண்ணெய் படக் கூடாது. உடல் முழுக்க எண்ணெய் பூசும் பழக்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. அழுக்கு ஒட்டும், அடுத்த சட்டை உரிப்பும் கெடும். கடைசியில் வெள்ளைத் துண்டால் துடைத்து, துண்டை உடனே கொதிநீரில் போடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல் போதும்.

இனி தொட்டி. மண், மரச்சீவல், தேங்காய் நார், செயற்கைச் செடி என்று உள்ளே இருப்பவற்றில் தூக்கிப்போட முடிந்ததையெல்லாம் பையில் கட்டிப் போடுங்கள். வைத்துக்கொள்ள விரும்பும் கல், பீங்கான் கிண்ணம் ஆகியவற்றுக்குக் கொதிநீர். மரக்கட்டையை ஒரு வாரம் –18 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். அவ்வளவு பெரிய உறைபெட்டி இல்லையென்றால் கட்டையை விட்டுவிடுவதே நல்லது. தடித்த கட்டையை அடுப்பில் சூடாக்கினால் நடுப்பகுதி சூடாவதற்குள் விளிம்பு கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

காலித் தொட்டியில் வாக்குவம் கிளீனரின் கூர்முனைக் குழாயை மூலைகள், கதவுத் தடம், காற்றுத் துளை, திருகு தலைகள், வெப்பமானிக் கம்பி ஒட்டியிருக்கும் டேப் என்று ஒவ்வோர் இடுக்கிலும் ஓட்டுங்கள். உடனே அதன் பையை எடுத்துக் கட்டி வெளியே போடுங்கள். பிறகு நீராவிக் கருவி இருந்தால் அதே இடுக்குகளில் மெதுவாக நகர்த்துங்கள். 55 டிகிரிக்கு மேல் எந்தப் பருவமும் பிழைக்காது. கண்ணாடியில் நீராவியை ஒரே இடத்தில் பிடித்தால் விரிசல் விழும். சிலிக்கான் பசை பிளந்த மூலை இருந்தால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். கழுவித் தேய்க்கச் சளைக்காதவர்கள்கூட இந்தப் பிளவைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். பிளீச்சிங் திரவம் கிருமியைக் கொல்லும். முட்டையைக் கொல்லும் என்று நம்பி இருக்க வேண்டாம். அதை வினிகரோடோ அம்மோனியா கலந்த கிளீனரோடோ சேர்த்தால் நச்சுவாயு வரும்.

தொட்டியைத் துடைத்து, மூடியைத் திறந்து நன்றாகக் காய விடுங்கள். முட்டைக்கும் குட்டிக்கும் காற்றில் ஈரம் வேண்டும், 50 சதவீதத்துக்குக் கீழே அவை வறண்டு சாகும். அதற்காகப் பாம்பு இருக்கும் பெட்டியையும் வாரக்கணக்கில் வறட்சியாக வைத்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். அதற்குக் குளியல் ஈடுகட்டும்.

சட்டை உரிக்கும் நாள் உங்களுக்குச் சாதகமான நாள். உரிந்த சட்டையோடு ஏராளமான சிற்றுண்ணிகள் போகும். ஒரு மணி நேரம் கிடக்க விட்டால் திரும்ப ஏறிவிடும். உரித்தவுடன் எடுத்து, பையில் போட்டுக் கட்டுங்கள்.

வீட்டில் கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தொட்டியில் அடிக்கலாமா? பெர்மெத்ரின், ஃபிப்ரோனில் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

கரப்பான் ஸ்பிரே வேண்டாம். அதில் பல மருந்துகளும் கரைப்பான்களும் கலந்திருக்கும். ஊர்வனவற்றுக்கு எது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் தயாரித்தது அல்ல. மூடிய பெட்டிக்குள் தொங்கவிடும் டைகுளோர்வாஸ் பட்டையும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு. சிற்றுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் பாம்பை வாட்டும் அளவுக்கும் இடையே இடைவெளி போதாது. அதைக் கைவிடுங்கள்.

பெர்மெத்ரின் 0.5 சதவீத ஸ்பிரே, ஊர்வனவற்றின் தொட்டிக்கென்றே விற்பது, தொட்டிக்கு மட்டும். விலங்கின் மேல் அல்ல. விலங்கையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுங்கள். உள்பரப்பில் லேசாக, ஈரம் வழியாத அளவுக்கு அடியுங்கள். முழுதாகக் காய்ந்து, வாசனை போகும்வரை திறந்தே வையுங்கள். அதன்பின் விலங்கு உள்ளே போகலாம். கிண்ணத்தை ஒருநாள் கழித்து வையுங்கள். கெடுவது பெரும்பாலும் ‘காய்ந்துவிட்டது’ என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதால்தான். மேலே காய்ந்திருக்கும், தரைப்பொருளுக்கு அடியில் ஈரம் நிற்கும். ஈர மருந்து பட்ட பாம்பு நடுங்கும், தலையை வானம் பார்க்கத் திருப்பும், மல்லாத்தினால் புரள முடியாது. அப்படி நேர்ந்தால் உடனே வெதுவெதுப்பான நீரில் கழுவி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, மருத்துவரை அழையுங்கள். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. அதே அறையில் மீன்தொட்டி இருந்தால் அதன் காற்றுப் பம்பை நிறுத்தி மூடிவிட்டு, ஊர்வனவற்றின் தொட்டியை வேறிடத்தில் வைத்து அடியுங்கள். இரைக்கு வைத்திருக்கும் சில்வண்டுகளும் செத்துப்போகும்.

ஃபிப்ரோனில் 0.25 சதவீத ஸ்பிரேயை மருத்துவர்கள் துணியில் நனைத்து உடலில் துடைக்கச் சொல்வதுண்டு. நேரடியாகப் பீய்ச்சுவதில்லை, தலையில் படவிடுவதில்லை. அதில் ஆல்கஹால் இருப்பதால் குட்டிகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாய், பூனைக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்தில் இதே ஃபிப்ரோனில் பல மடங்கு செறிவாக இருக்கும். பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

ஒரு நண்பர் தன் பாம்புக்குக் கொடுத்த ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது. எங்கள் ஆமையின் கழுத்து மடிப்பில் உண்ணி இருக்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. ஆமை இனங்கள் எதற்குமே ஐவர்மெக்டின் கூடாது. அவற்றில் அது மூளைக்குள் புகுந்து, தசைகள் துவண்டு, மூச்சு நின்று சாகும். தண்ணீரில் கலந்து தெளிப்பதும் கூடாது. அந்தப் பாட்டிலை ஆமை இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதே மருந்து தொட்ட துணி, ஸ்பிரே பாட்டில் எதையும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டாம். சில அரணை, பச்சோந்தி இனங்களுக்கும் இது ஆபத்து.

ஆமையின் மேல் நீங்கள் பார்ப்பது சிற்றுண்ணி இல்லை, உண்ணி. பல மில்லிமீட்டர் இருக்கும், இடம் விட்டு நகராது. கூர்மூக்கு இடுக்கியால் தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். கடித்த இடத்தை நீர்த்த போவிடோன் அயோடினால் துடைத்தால் போதும்.

லெப்பர்ட் கெக்கோ தொட்டியின் ஈரமான மூலையில் வெள்ளையாக நூற்றுக்கணக்கில் ஊர்கின்றன. பல்லியின் மேல் ஒன்றும் இல்லை. மருந்து அடிக்கட்டுமா?

அடிக்க வேண்டாம். வெள்ளையாக, மெதுவாக, ஈர மண்ணிலும் அழுகும் மரத்திலும் மட்டும் இருப்பவை மட்கும் பொருளைத் தின்னும் சிற்றுண்ணிகள். நசுக்கினால் சிவப்பு வராது. விரல் வைத்தால் துள்ளிக் குதித்தால் அவை சிற்றுண்ணியே அல்ல. ஸ்பிரிங்டெயில் என்ற மட்கு தின்னும் சிற்றுயிர்கள், உங்களுக்கு வேலை செய்து தருபவை. செத்த சில்வண்டு, சிந்திய இரைமாவு, எச்சம் ஆகியவற்றை எடுத்துவிட்டு, மேல்மண்ணைக் காய விட்டால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

பியர்டட் டிராகனின் (ஓணான் வகை) காதுத் துளையைச் சுற்றி ஆரஞ்சு நிறப் புள்ளிகள். இதுவும் பாம்புச் சிற்றுண்ணிதானா?

நிறத்தைப் பார்த்தால் வேறு. பல்லி, ஓணான், இகுவானா போன்றவற்றில் ஹிர்ஸ்டியெல்லா போன்ற சிவப்பு–ஆரஞ்சு சிற்றுண்ணிகள் அக்குள், காதுத் துளை, கழுத்து மடிப்புகளில் கூட்டமாக ஒட்டும். பாம்புச் சிற்றுண்ணியும் பல்லிகள் மேல் ஏறும். அது கருப்பாகத் தெரியும். தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. பியர்டட் டிராகனுக்குக் குளியல் நீர் மார்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். காது, அக்குளைப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ஒரு டேப் துண்டில் ஒன்றிரண்டை ஒட்டி மருத்துவரிடம் கொண்டு போனால், அவர் நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்வார்.

சிற்றுண்ணியைத் தின்னும் சிற்றுண்ணியை விட்டால் மருந்தே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் மேல்மண்ணில் வேட்டையாடும், அதற்கு ஈரம் வேண்டும். செய்லெட்டஸ் எருடிட்டஸ் ஓரளவு வறட்சியிலும் இருக்கும். இரண்டும் விலங்கைக் கடிப்பதில்லை. தொட்டியில் இருக்கும் முட்டையையும் குட்டியையும் தின்னும். செடி வைத்து, மண்புழு, ஸ்பிரிங்டெயில் விட்டு வளர்க்கும் தொட்டியை முழுதாகப் பிரிக்க மனமில்லாதவர்களுக்கு இது பொருத்தம். ஆனால் பாம்பின் கண்ணோரம் கூட்டமாக உட்கார்ந்திருப்பவற்றை இவை வந்து எடுத்துப்போகும் என்று காத்திருக்க முடியாது. கடும் தாக்குதல் என்றால் முதலில் எண்ணிக்கையைக் குறைத்தபின் விடுங்கள். பெர்மெத்ரின் அடித்த தொட்டியில் விட்டால் முதலில் சாவது இவைதான்.

அடுக்கடுக்காகப் பதினான்கு பெட்டிகளில் பாம்புகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் மட்டும் கண்டோம். அதை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. ஒரு பெட்டியில் கண்ணுக்குத் தெரிந்தால் பக்கத்துப் பெட்டிகளில் தெரியாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றுண்ணி அடுக்கின் பின்புறமாக, ஒயர் வழியாக, உங்கள் சட்டைக் கையின் வழியாகப் போகும். பதினான்கையும் ஒரே நாளில் வெள்ளைப் பேப்பருக்கு மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு பெட்டி என்று முறை வைத்தால் கடைசிப் பெட்டிக்கு வரும்போது முதல் பெட்டியில் மறுபடி இருக்கும். நோய் இல்லாதவற்றுக்கு முதலில் இரை, தண்ணீர். நோயுற்றதைக் கடைசியில் தொடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இடுக்கி, தனி கொக்கி. அடுக்கைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைச் சுற்றி வாசலின் தடவுங்கள். ஏறி இறங்குபவை அதில் ஒட்டும், கூட்டம் எங்கே இருக்கிறது என்றும் அது காட்டிக்கொடுக்கும்.

என் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிவப்புத் தடிப்பு, அரிப்பு. பாம்பிலிருந்து வந்ததா?

இருக்கலாம். பாம்புச் சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும், ஆனால் மனித உடம்பில் பெருகாது. துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள், கையாண்டபின் குளியுங்கள். தொட்டியில் ஒழிந்தால் கடியும் நிற்கும். அரிப்பு விடாமல் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது ‘முடிந்தது’ என்று நம்பலாம்? புதிதாக வாங்கும் பாம்பை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

கடைசியாக ஒரு சிற்றுண்ணியைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம். ஏழாம் நாள் ஒன்று கண்ணில் பட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. இந்த ஆறு வாரமும் வெள்ளைப் பேப்பர், வாரம் இருமுறை டிஷ்யூ சோதனை, தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைத் தினமும் பார்ப்பது தொடர வேண்டும். கிண்ணம் வெள்ளை நிறமாக இருந்தால் வேலை எளிது.

புதிய வரவு 60 முதல் 90 நாள் வேறு அறையில் இருக்கட்டும். அறை இல்லையென்றால் குறைந்தபட்சம் எதிர்ச் சுவரோரம், தனிக் கருவிகளுடன். பாம்பு வந்த துணிப்பையையும் அட்டைப்பெட்டியையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். பழைய தொட்டியோ மரக்கட்டையோ இரண்டாம் கையாக வாங்கினாலும் அதே கணக்கு: மேலே சொன்ன சுத்தம் முடித்து, பின்னரே உள்ளே. உறைந்த எலியிலிருந்து பாம்புச் சிற்றுண்ணி வருவதில்லை. அதன் மேல் சந்தேகப்பட்டு இரையை மாற்ற வேண்டாம். ஊர்வன இருந்த இடத்துக்குப் போய் வந்தால், உங்கள் விலங்கைத் தொடுமுன் துணி மாற்றி, முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள்.